வயசான காலத்துக்கு எந்த வீடு? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பதும் பழைய வீடுகளைச் சரிபண்ணுவதும் என் தொழில். யார் வந்து உட்கார்ந்தாலும் போர்டிகோ, கிச்சன், கார் நிறுத்துகிற இடம் என்று ஆரம்பிக்கிற பேச்சு கொஞ்ச நேரத்தில் "அம்மாவை எங்க வைக்க?" என்பதில் வந்து நின்றுவிடும். அம்மா என்ன பீரோவா, எங்கே வைக்க என்று யோசிக்க? ஆனாலும் கேள்வி நியாயமானது. அப்படித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். சட்டம் சம்பந்தப்பட்டதைப் பொது விவரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பத்திரத்தில் கை வைக்கும் முன் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு எந்த மாதிரி வீடுதான் பிடிக்கும்?

அவர்களையே கேட்டால் "எனக்கென்ன, ஒரு மூலை கிடந்தா போதும்" என்பார்கள். அதை நம்பி மூலையில் ஒரு அறை கட்டிக் கொடுத்த வீடுகளில் அந்த அறையில் இப்போது உடைந்த நாற்காலியும் அட்டைப் பெட்டியும் கிடக்கின்றன, பெரியவர் ஹாலில்தான் படுக்கிறார். நான் பார்த்த வரையில் அவர்கள் வாய்விட்டுக் கேட்காமல் மனதில் வைத்திருப்பது இவ்வளவுதான்: தனக்கென்று ஒரு அடுப்பு, தெருவில் போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற ஒரு இடம், ராத்திரி எழுந்தால் நாலு எட்டில் பாத்ரூம், யாரையும் கேட்காமல் திறந்துகொண்டு வெளியே போக ஒரு கதவு, அப்புறம் பத்திரத்தில் தன் பெயர். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் வைப்பேன். பெரிய வீடா சின்ன வீடா, ஊரா டவுனா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற விஷயம்.

ஆச்சி தலைமுறை, அம்மா தலைமுறை, நம்ம தலைமுறை எல்லாரும் ஒரே மாதிரி வீட்டைத்தான் கேட்கிறார்களா?

இல்லவே இல்லை. எண்பதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் வளவு வீட்டிலோ தெரு வீட்டிலோ வளர்ந்தவர்கள். நெல்லை டவுனில் ரத வீதிகளுக்குப் பின்னால் இருக்கிற முடுக்குச் சந்துகளில் நுழைந்தால் இன்னும் சில வளவுகளைப் பார்க்கலாம், ஒரே வாசல், உள்ளே எதிரும் புதிருமாக வரிசை வீடுகள், பொதுவில் ஒரு கிணறு. வீட்டுக்குள் போனால் தார்சா (முன் தாழ்வாரம்), பட்டாசாலை (கூடம்), அரங்குவீடு (உள்ளறை), அடுக்களை, கடைசியில் புறவாசல். படுக்கை அறை என்று தனியாக ஒன்று கிடையாது. ஐப்பசி மழைக்குப் பட்டாசாலையில் பாய், சித்திரை வெக்கைக்கு மட்டப்பாவில் (மொட்டை மாடியில்) பாய். ஒருவருக்கும் தனிமை கிடையாது, ரகசியமும் கிடையாது, ஆனால் ஒரு ஆச்சி காலை எழுந்து கதவைத் திறக்கவில்லை என்றால் அடுத்த வீட்டு மதினிக்கு உடனே தெரிந்துவிடும். இந்தத் தலைமுறை கேட்பது ஆள் நடமாட்டத்தை. ஏசி போட்டுக் கதவைச் சாத்திக் கொடுத்தால் பயப்படுகிறார்கள், கதவைத் திறந்தே வைக்கச் சொல்கிறார்கள், அதனால் மகன் வீட்டில் கரண்ட் பில் பற்றிச் சண்டை வருகிறது.

அடுத்தது இப்போது அறுபத்தைந்து, எழுபத்தைந்தில் இருப்பவர்கள். வாத்தியார், பாங்க், கலெக்டர் ஆபீஸ், மின்வாரியம், மில் என்று சம்பளத்தில் இருந்தவர்கள். இவர்கள்தான் வளவை விட்டு வெளியே வந்து பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர், என்.ஜி.ஓ. காலனி என்று லோன் போட்டு வீடு கட்டினார்கள். குழாயடிச் சண்டையும் மாமியார் கண்ணும் படாத ஒரு வீடு வேண்டும் என்பதுதான் அப்போதைய கனவு, அதனால்தான் அந்த வீடுகளுக்கு அவ்வளவு உயரமான காம்பவுண்டுச் சுவர், இரும்பு கேட், உள்ளே இரண்டு தென்னை, மொசைக் தரை. மகனுக்கென்று மாடியும் எடுத்தார்கள். மகன் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறான், மாடி வாடகைக்குப் போயிருக்கிறது அல்லது பூட்டிக் கிடக்கிறது. தெருவில் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு சத்தம் கேட்காது. இவர்களுக்கு வீட்டை விட்டுப் போகவும் மனசில்லை, அதைக் கூட்டிப் பெருக்கவும் முடியவில்லை.

மூன்றாவது, இப்போது நாற்பத்தைந்திலிருந்து அறுபது வரை இருக்கிற நாங்கள். அப்பா அம்மா படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, மாடி வேண்டாம், தோட்டம் வேண்டாம், இரண்டு அறை போதும், இரண்டிலும் பாத்ரூம் இருக்கட்டும், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்கிறோம். "பிள்ளைங்களுக்குப் பாரமா இருக்க மாட்டோம்" என்று சத்தமாகச் சொல்கிற முதல் தலைமுறையும் நாங்கள்தான். இதை நான் முழுசாக நம்பவில்லை. எழுபத்தைந்து வயசில் இதே ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். ஆக, ஒவ்வொரு தலைமுறையும் தான் வளர்ந்த வீட்டில் பட்ட குறை தீர்கிற வீட்டைத்தான் கேட்கிறது. அந்த வீட்டில் சும்மா கிடைத்த நல்லது ஒன்று இருந்திருக்கும், அது புது வீட்டில் காணாமல் போன பிறகுதான் ஞாபகம் வரும். உங்கள் அப்பாவிடம் எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்பதைவிட சின்ன வயசில் இருந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச விடுங்கள், பிளானுக்குத் தேவையானது அதில் கிடைக்கும்.

இது டவுன் கதை. கிராமத்தில்?

கிராமத்தில் காசு வந்த வழியைப் பொறுத்தது. திசையன்விளை, ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் பிள்ளைகள் சென்னையிலோ மும்பையிலோ கடை வைத்து அனுப்பிய பணத்தில் எழும்பிய பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், வாசலில் கிரானைட், மேலே கண்ணாடி. உள்ளே யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் பக்கத்திலேயே இடிக்காமல் விட்ட ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். பெரியவர்களுக்குப் பிடிவாதம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். சித்திரை மத்தியானம் அந்த கான்கிரீட் கூரைக்குக் கீழே ஒரு மணி நேரம் இருந்து பார்த்தால் காரணம் தெரியும். பனங்கை (பனைமரச் சட்டம்) போட்ட ஓட்டுக் கூரையில் சூடு மேலே தங்கி ஓட்டு இடுக்கு வழியாக வெளியேறிவிடும், கான்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்க இறக்கும்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிற வயசான பெண்களைக் கேட்டால் வேறு பதில் வரும். உட்கார்ந்து சுற்ற வெளிச்சம் விழுகிற திண்ணை, கட்டு கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி நடந்து போகிற தூரத்தில். மகன் எவ்வளவு வசதியாகக் கூப்பிட்டாலும் அந்த இரண்டும் இல்லாத இடத்துக்கு அவர்கள் போவதில்லை, ஏனென்றால் கையில் சொந்தக் காசு நின்றுபோகும்.

மாஞ்சோலைக்காரர்கள் நிலை இன்னும் கஷ்டம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் ஒரு கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலைத் தேயிலை எஸ்டேட், 2028-ல் குத்தகை முடிகிறது, 2024-லேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து லைன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக மலையில் இருந்தவர்களுக்குக் கீழே சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. எந்த வீடு பிடிக்கும் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

மாடியில் மகன், கீழே நாங்கள். இந்த ஏற்பாடு நல்லதா?

எனக்குத் தெரிந்ததில் இதுதான் ஓரளவு ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் மூன்று நிபந்தனை. மாடிப்படி வெளியே இருக்க வேண்டும், அதாவது மருமகள் ஆபீஸ் முடிந்து வரும்போது மாமியார் ஹாலைக் கடந்துதான் மேலே ஏற வேண்டும் என்று இருக்கக்கூடாது. இரண்டு கரண்ட் மீட்டர், இரண்டு கேஸ் கனெக்‌ஷன், இரண்டு அடுப்பு. குழம்பு மேலேயும் கீழேயும் போய் வரட்டும், அது சந்தோஷம், ஆனால் உலை ஒரே இடத்தில் கொதிக்க வேண்டாம். மூன்றாவது, பெரியவர்களைக் கீழேயே வையுங்கள். "மேலே காத்து வருது, அப்பா மேலே இருக்கட்டும், கீழே வாடகைக்கு விட்டா கூட வரும்" என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். முட்டிவலி வந்த பிறகு அந்த மாடி ஜெயில்தான்.

பக்கத்துப் பக்கத்து வீடு இதைவிட நல்லது, இடம் இருந்தால்.

ஊர் வீட்டை விற்றுவிட்டு பாளையங்கோட்டையில் ஒரு வீடு வாங்கலாமா?

விற்பதற்கு முன் அந்த வீடு வருஷத்தில் எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று யோசியுங்கள். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குக் குடும்பமே வரும், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரும், கிறிஸ்தவ ஊர்களில் அசனத்துக்கும் (சபையில் போடுகிற பொது விருந்து) பண்டிகைக்கும் வரும். அந்த இரண்டு மூன்று நாள்தான் பெரியவர்கள் வருஷம் முழுக்க எதிர்பார்த்திருப்பது. வீடு போனால் லாட்ஜ் எடுத்துத் தங்கி கும்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவீர்கள், ஓரிரு வருஷத்தில் அதுவும் நின்றுவிடும்.

இன்னொரு சிக்கல் பட்டா. பெரும்பாலான ஊர் வீடு தாத்தா பேரில்தான் இருக்கும். தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள், அதில் இரண்டு பேர் இறந்து, அவர்கள் பிள்ளைகள் வேறு வேறு ஊரில். இந்துக் குடும்பங்களில், தமிழ்நாட்டில் 1989-லிருந்தும் (அப்போது கல்யாணம் ஆகாதவர்களுக்கு), நாடு முழுக்க 2005-லிருந்தும் பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை உண்டு, அதனால் "அத்தைகளுக்கு அப்பவே நகை போட்டாச்சு" என்ற பேச்சு ரிஜிஸ்தர் ஆபீஸில் எடுபடாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்பனை. பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் சரிசெய்து வைப்பது நல்லது. விற்காவிட்டாலும் சரி.

இரண்டு வீட்டையும் வைத்துப் பராமரிக்க முடியாது என்ற நிலை வந்தால் விற்கத்தான் வேண்டும். ஆனால் வாங்குகிற புது வீடு பெரியவர் பேரில் இருக்கட்டும், விற்ற பணம் அவருடையதுதானே.

அபார்ட்மென்ட் ஒத்துவருமா?

கே.டி.சி. நகர், பெருமாள்புரம் பக்கம் இப்போது நிறைய எழும்புகிறது. ஒரு கதவைப் பூட்டிவிட்டுப் போகலாம், திருட்டுப் பயம் குறைவு, லிஃப்ட் இருக்கிறது. லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா, ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழையுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நம்ம ஊரில் பல கட்டடத்தில் நாலு பேர் நிற்கிற லிஃப்ட்தான். எண்பது வயசுக்காரர்களுக்கு அபார்ட்மென்டைப் பரிந்துரைக்க மாட்டேன், தெரு தெரியாது. அறுபது வயசில் தாங்களாகவே விரும்பிப் போகிறவர்களுக்கு நன்றாக ஒத்துப்போகிறது.

சென்னைக்கோ வெளியூருக்கோ பிள்ளையோடு போய் இருக்கலாமா?

போங்கள், ஆனால் வீட்டை விற்காமல், வாடகைக்கும் விடாமல், கேஸ் கனெக்‌ஷனை ஒப்படைக்காமல், ஒரு வருஷம் இருந்து பாருங்கள். முதல் மாசம் பேரப்பிள்ளையோடு நன்றாகப் போகும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை பன்னிரண்டாவது மாடியில் நாலு சுவர். இங்கே ஆற்றுக்குப் போகிற வழியிலும் பால் வாங்குகிற இடத்திலும் "என்ன அண்ணாச்சி, சாப்டாச்சா" என்று கேட்க ஆள் இருந்தது, அங்கே செக்யூரிட்டிதான் பேச்சுத்துணை. 2023 செப்டம்பரில் வந்தே பாரத் வந்த பிறகு சென்னை போய்ச் சேருவது பகலிலேயே எட்டு மணி நேரத்துக்குள் முடிகிறது, நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கவே இருக்கிறது. மாறி மாறி இருந்துகொள்கிறவர்கள்தான் இரண்டு பக்கமும் மரியாதையோடு இருக்கிறார்கள். படுத்துவிட்டால் மட்டும் இந்த யோசனை செல்லாது, அப்போது ஆள் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

மகள் வீட்டில் இருந்தால் ஊர் என்ன சொல்லும்?

ஊர் ஏதாவது சொல்லும். நம்ம பக்கம் பெரும்பாலான குடும்பங்களில் மகள் வீட்டில் போய் உட்காருவது கௌரவக் குறைவு என்று இன்னும் நினைப்பு இருக்கிறது, சாப்பிட்டதற்குக் கூட ஏதாவது கையில் கொடுத்துவிட்டு வருகிற அப்பாக்கள் உண்டு. காயல்பட்டினத்தில் நேர்மாறு, அங்கே பெண்ணுக்குத்தான் வீடு, கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார், தாய் தன் மகளோடேயே கடைசி வரை இருக்கிறாள். 1986 வரை அந்த ஊரும் திருநெல்வேலி மாவட்டம்தான். ஒரே மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு முறையும் நடந்திருக்கிறது என்றால், மகன் வீடுதான் முறை என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை என்று அர்த்தம். யாரோடு இருந்தால் தூக்கம் வருகிறதோ அங்கே இருங்கள்.

உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதி வைக்கலாமா?

எழுதாதீர்கள். பதிலை இதோடு முடித்துக்கொள்ளலாம்தான், ஆனால் எழுதியே ஆக வேண்டும் என்று நிற்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உயில் என்பது நீங்கள் இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றக்கூடியது, ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது, இரண்டு சாட்சி வேண்டும். தானசெட்டில்மென்ட் அப்படி இல்லை, எழுதிக் கொடுத்த அன்றைக்கே வீடு கை மாறிவிடும், நினைத்தபோது தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைக் கட்டணம் குறைவு என்பதைச் சொல்லித்தான் பெரும்பாலும் பெரியவர்களை அழைத்துப் போகிறார்கள். அப்படியே எழுதினாலும் இரண்டு வரி விடாமல் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, எங்கள் இருவரின் ஆயுள்காலம் முழுவதும் இந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கி அனுபவிக்கவும் எங்களுக்கே உரிமை. இரண்டு, வாங்கிக்கொள்கிறவர் எங்கள் சாப்பாடு, வைத்தியம் உள்ளிட்ட தேவைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் ரத்தாகும்.

இரண்டாவது வரி ஏன் முக்கியம் என்றால், 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இப்படி ஒரு நிபந்தனையோடு கொடுத்த சொத்தைத்தான், நிபந்தனை மீறப்பட்டால், செல்லாது என்று அறிவிக்க வழி செய்கிறது. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பில், இந்தச் சட்டம் பெரியவர்களைக் காப்பாற்ற வந்தது, அதைத் தாராளமாகத்தான் அர்த்தம் பண்ண வேண்டும், வீட்டைத் திருப்பி ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. அதை நம்பி நிபந்தனை இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் கோர்ட்டில் நிற்பதற்கு எழுபது வயசில் யாருக்குத் தெம்பு இருக்கிறது?

இந்தத் தீர்ப்பாயத்துக்கு மனு கொடுக்கிற இடம் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகம். நம்ம மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என்று இரண்டு கோட்டம். அறுபது வயது ஆனவர்கள் கொடுக்கலாம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம், இலவசம்.

வீடு கணவர் பேரில் இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆனால் மனைவிக்குத் தானாக வந்துவிடாதா?

இந்தக் கேள்வியைப் பெண்கள் கேட்பதே இல்லை, அவர்கள் சார்பில் நான் போட்டுக்கொண்டது. முழுசாக வராது. இந்துக் குடும்பத்தில் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவர், அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவர், எல்லாருக்கும் சம பங்கு. கிறிஸ்தவர்களில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. முஸ்லிம்களில் பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று, உயிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது, அதனால் அங்கே கணவர் இருக்கும்போதே ஹிபாவாக (முஸ்லிம் சட்டப்படியான தானம்) கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆக நாற்பது வருஷம் அந்த அடுக்களையில் நின்றவர் கடைசியில் தன் வீட்டிலேயே ஒரு பங்குக்காரர் ஆகிவிடுகிறார். வாங்கும்போதே இருவர் பேரிலும் வாங்குங்கள். வாங்கி முடித்தாயிற்று என்றால் மனைவிக்கு ஆயுள்கால உரிமையாவது வருகிற மாதிரி அவர் உயில் எழுதட்டும்.

வீடு இருக்கிறது, கையில் காசு இல்லை. என்ன வழி?

முதலில் ஒரு பகுதியை வாடகைக்கு விட முடியுமா என்று பாருங்கள். அடுத்து, ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்று 2007-ல் தேசிய வீட்டுவசதி வங்கி கொண்டுவந்த ஏற்பாடு. அறுபது தாண்டியவர் தான் சம்பாதித்து வாங்கித் தானே குடியிருக்கிற வீட்டை பாங்கில் வைத்தால், மாசாமாசம் பாங்க் பணம் கொடுக்கும், அதற்கு வருமான வரி கிடையாது, உயிரோடு இருக்கும்வரை வீட்டை விட்டு இறங்க வேண்டியதில்லை. பிற்பாடு வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம், இல்லையென்றால் பாங்க் விற்றுக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கும். நம்ம பக்கம் இதை எடுத்தவரை நான் பார்த்ததில்லை. பூர்வீக வீட்டுக்குக் கிடைக்காது என்பது ஒரு காரணம், "வீட்டை அடகு வச்சுட்டார்" என்ற பேச்சு இன்னொரு காரணம்.

வேறு ஆதரவே இல்லாதவர்களுக்கு அரசின் முதியோர் உதவித்தொகை இருக்கிறது, 2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆனது. அதை வைத்து வாடகை கொடுக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

வயசானவர்களுக்கு வாடகை வீடு கிடைக்கிறதா?

சிரமம். "பெரியவங்க மட்டும்தானா, கூட யாரும் இல்லையா?" என்று ஹவுஸ் ஓனர் இழுப்பார். வீட்டில் சாவு விழுந்துவிடும் என்ற பயம், வெளியே சொல்ல மாட்டார்கள். பிள்ளை நேரில் வந்து பேசி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு (2019-லிருந்து தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும்) தன் போன் நம்பரைக் கொடுத்தால் பாதிப் பயம் போகும்.

முதியோர் இல்லம், ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டி இரண்டும் ஒன்றா?

இல்லை. 2007 சட்டம் ஆதரவற்றவர்களுக்கு மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்குகிற அளவில், அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது. அதைத் தவிர தர்ம ஸ்தாபனங்களும் சபைகளும் நடத்துகிற இல்லங்கள் உண்டு. ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டி என்பது காசு கொடுத்து வாங்குகிற வீடு, சாப்பாடு, துணி துவைப்பது, டாக்டர் எல்லாம் சேர்த்து. அது கோயம்புத்தூரில்தான் நிறைய, நம்ம ஊர்க்காரர்களும் அங்கே போயிருக்கிறார்கள். போகிறவர்கள் கேட்க வேண்டியது: வீடு உங்கள் பேருக்குக் கிரயம் ஆகிறதா, வெறும் டெபாசிட்டா? மாசக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும்? படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வார்களா, பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பிவிடுவார்களா? உங்களுக்குப் பிறகு பிள்ளை அதில் குடியிருக்கலாமா, இல்லை குறிப்பிட்ட வயசு ஆனவருக்கு மட்டும் விற்கலாமா? இந்த மாதிரிக் குடியிருப்புகளுக்கென்று 2019-ல் மத்திய அரசு மாதிரி வழிகாட்டி ஒன்று வெளியிட்டது, பில்டரிடம் அதைப் படித்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே பதில் தெரியும்.

"இல்லத்துல கொண்டு விட்டுட்டான்" என்பதும் "நானே பார்த்துப் பிடிச்சுப் போயிருக்கேன்" என்பதும் வேறு வேறு. பென்ஷன் உள்ளவர்கள் இரண்டாவதைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள், அதுவும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி மாதிரி ஊர்களிலிருந்து.

இருக்கிற பழைய வீட்டையே பெரியவர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்ற முடியுமா?

முடியும், இதற்குத்தான் நான் இருக்கிறேன். பாத்ரூமிலிருந்து ஆரம்பியுங்கள், ஹாலில் டைல்ஸ் மாற்றுவதை அப்புறம் பார்க்கலாம். புறவாசலில் இருக்கிற கக்கூஸைப் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். பாத்ரூம் கதவு நம்ம ஊரில் இரண்டரை அடிதான் போடுவார்கள், வீல்சேர் போக மூன்று அடி வழி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் திறக்கிற கதவை உடைக்கத்தான் வேண்டும். வெஸ்டர்ன் கிளாசெட் சீட் 18 அங்குல உயரத்தில் இருந்தால் முட்டிவலிக்காரருக்கு எழும்புவது லேசு. கைப்பிடியை டைல்ஸ் ஒட்டிய பிறகு கடையில் வாங்கி ஒட்டாதீர்கள், ஒருநாள் முழு எடையையும் போட்டுத் தொங்கும்போது டைல்ஸோடு கையில் வந்துவிடும், செங்கல் சுவரில் ஆழமாக போல்ட் இறக்கிப் போட வேண்டும்.

வாஸ்து பார்க்கிறவர்களிடம் இங்கேதான் மல்லுக்கட்டு. ஈசானி மூலையில் பாத்ரூம் கூடாது, கன்னி மூலையில் கூடாது, அக்னியில் அடுக்களை இருக்கிறது, மிச்சம் இருக்கிற ஒரே மூலை கட்டிலிலிருந்து இருபது அடி. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த இருபது அடியை வாஸ்துக்காரர் நடக்கப்போவதில்லை.

வீட்டுக்குள் இருக்கிற வாசப்படிகளை எடுத்துவிடுங்கள், தடுக்கி விழுவது அதில்தான். தலைவாசல் நிலைப்படியை எடுக்க ஆச்சி சம்மதிக்க மாட்டார், மஞ்சள் பூசிக் கோலம் போடுகிற இடம், அதை விட்டுவிடுங்கள், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போதும். வெளியே படி ஆறு அங்குல உயரத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் கைப்பிடி. சரிவுப் பாதை கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயர்ந்துகொண்டே போவதால் எல்லாரும் பேஸ்மென்டை இரண்டு அடி, மூன்று அடி தூக்குகிறார்கள், அப்படியானால் 24 அடி, 36 அடி சரிவு, ஐந்து சென்ட் மனையில் அதற்கு எங்கே போவது? காம்பவுண்டை ஒட்டி மடக்கிக் கொண்டுவரலாம், ஆனால் அதைக் கட்டும்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஆற்றுப் பக்கம் வீடு வாங்கலாமா? அப்பா ஆற்றில் குளித்தே பழகியவர்.

2023 டிசம்பர் 17, 18 மழையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், தாமிரபரணி கரை தாண்டியது. ஜங்ஷனை ஒட்டிய சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரத்தில் கீழ்வீட்டில் படுக்கையில் இருந்த பெரியவர்களைத் தூக்கி வெளியே கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று அங்கே இருக்கிறவர்கள் சொல்வார்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தத் தெருவில் கேளுங்கள், சுவரிலேயே காட்டுவார்கள். கீழ்த்தளம் வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே ஆற்றங்கரைக்கு மட்டும் மாற்றிச் சொல்கிறேன். வண்டியில் பத்து நிமிஷத்தில் ஆற்றுக்குப் போகிற தூரத்தில் மேடான இடமாகப் பாருங்கள்.

எனக்கு ஐம்பது வயசு, இப்போதுதான் கட்டுகிறேன். எனக்காக என்ன செய்துகொள்ள வேண்டும்?

கீழ்த்தளத்தில் ஒரு படுக்கை அறை, மூன்றடிக் கதவோடு ஒட்டின பாத்ரூம், கைப்பிடி வரப்போகிற சுவர் அரைச் செங்கல் சுவராக இல்லாமல் முக்கால் அடியாக. தெருவைப் பார்க்க ஒரு தார்சா, பெயர் சிட்அவுட் என்று இருந்தாலும் சரி, காம்பவுண்டுச் சுவரை நாலு அடியோடு நிறுத்துங்கள். மாடி எடுத்தால் படி வெளியே. மகனுக்காக நாலு அறை வேண்டாம், அவன் இங்கே வரப்போவதில்லை, வந்தாலும் நீங்கள் போட்ட டைல்ஸ் அவன் மனைவிக்குப் பிடிக்காது.

அம்மா தனியாக ஊரில் இருக்கிறாள், எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறாள். என்ன செய்ய?

வற்புறுத்த வேண்டாம், அங்கேயே இருக்க ஏற்பாடு பண்ணுங்கள். சுகர், பிரஷர் மாத்திரை 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. வயசானவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் ஆரம்பித்தது, பெயர் லிஸ்டில் இருக்கிறதா என்று கடையில் விசாரியுங்கள். பாத்ரூமில் கைப்பிடி, கட்டில் பக்கத்தில் சுவிட்ச், ராத்திரி எரிய ஒரு சின்ன பல்பு, வழுக்காத மிதியடி. காலையும் மாலையும் எட்டிப்பார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளம் பேசிவிடுங்கள், சொந்தக்காரர் என்றாலும் சம்பளம் கொடுங்கள், சும்மா பார்த்துக்கச் சொன்னால் மூன்று மாசத்தில் முகம் சுளிக்கும். பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள், அவர்கள் நம்பர் உங்களிடமும் உங்கள் நம்பர் அவர்களிடமும் இருக்கட்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் இருந்தால் அந்தச் சாவியால் ஒன்றும் பண்ண முடியாது, அதனால் முதலில் பூட்டை மாற்றுங்கள்.